உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார்

கோயிலின் கோபுரத்தைக் கண்டு வியப்போர் பலர். அதனைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதுபோலவே, சான்றோர் வரலாறுகளைப் போற்றும் நாம், அவ்வரலாறுகளைத் தேடித் தொகுத்துக் காத்தளித்தவர்களைப் பெரும்பாலும் அறிவதில்லை. காந்தியடிகளின் நடையையும் நகையையும் நூற்கும் கையையும் திரையிலே கண்டு மகிழ்கின்றோம். அக்காட்சிகளை உலகெங்கும் தேடிச் சென்று திரட்டி, ஒரு முழுநீளப் படமாக முதன்முதலில் உருவாக்கியவர் ஒரு தமிழர். அவரே ஏ. கே. செட்டியார் ஆவார்.

கதைப்படமும் மெய்ப்படமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலைத்தொடரை நோக்கிச் செல்வோர், மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் பெயர் தாங்கிய பழைய வளைவு ஒன்றைக் காண்பர். 1930களின் நடுவில் டி. ஆர். சுந்தரம் அவர்கள் தோற்றுவித்த அந்நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட திரைப்படங்களை உருவாக்கியது. அதற்குமுன் தமிழ்ப் படங்கள் பலவற்றை எடுப்பதற்குக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் செல்ல வேண்டியிருந்தது. சென்னையிலும் கோவையிலும் சேலத்திலும் படநிலையங்கள் எழுந்த பின்னரே திரைக்கலை தமிழ் மண்ணில் வேர்கொண்டது. ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் அமைந்த அந்நிலையத்திலிருந்து 1937ஆம் ஆண்டில் வெளிவந்த முதற்படம் 'சதி அகல்யா' என்பதாகும்.

அக்காலத்துத் தமிழ்ப் படங்களுட் பெரும்பாலானவை இவ்வாறு புராணக் கதைகளையே பொருளாகக் கொண்டிருந்தன. பாட்டும் கூத்தும் அவற்றில் மிகுந்திருந்தன. மக்களும் அவற்றையே விரும்பிக் கண்டனர். ஆனால், திரைக்கலைக்கு வேறொரு முகமும் உண்டு. நடிகர் புனையும் வேடத்தை விடுத்து, மெய்யான மனிதரையும் மெய்யான நிகழ்ச்சியையும் நிகழ்ந்தவாறே காட்டுவது அது. அதனை ஆவணப்படம் என்பர். மேனாடுகளில் அவ்வகைப் படங்கள் 1920களிலேயே சிறப்புப் பெறத் தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டிலோ, அதனைத் தம் வாழ்நாட் பணியாக ஏற்பார் அரியர். மலையடிவாரத்தில் அகல்யையின் கதை படமான அதே 1937ஆம் ஆண்டில், அட்லாண்டிக் பெருங்கடலின்மீது கப்பலிற் சென்றுகொண்டிருந்த ஓர் இளைஞரின் உள்ளத்தில் அப்பணியைப் பற்றிய எண்ணம் முளைத்தது.

இளமையும் கல்வியும்

அவ்விளைஞரின் இயற்பெயர் கருப்பன் என்பது. செட்டிநாட்டில், காரைக்குடிக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில் 1911ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவர் பிறந்தார். கல்விக் கொடைவள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊரும் அதுவே. அரிய நூல்களையும் பழைய இதழ்களையும் தேடித் தேடிச் சேர்த்துவைத்த ரோஜா முத்தையா அவர்கள் வாழ்ந்ததும் அவ்வூரிலேயே ஆகும். ஆகவே, பொருளைச் சேர்த்தல் போலவே அறிவைச் சேர்த்தலும் அவ்வூரார்க்கு இயல்பென்று கூறலாம்.

திருவண்ணாமலையில் பள்ளிக்கல்வி பெற்ற கருப்பன், இளமையிலேயே எழுத்துத் துறையில் நாட்டங்கொண்டார். அந்நாளில் நகரத்தார் பலர் வாணிகத்தின் பொருட்டுப் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வாழ்ந்துவந்தனர். அவர்களுக்காக இரங்கூன் நகரிலிருந்து வெளிவந்த 'தனவணிகன்' என்னும் இதழுக்கு அவர் ஆசிரியராக அமர்ந்தார். கடல்கடந்து சென்றோர் பலர் கணக்கேட்டைக் கையிலெடுக்க, அவரோ எழுதுகோலைக் கையிலெடுத்தார்.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஒளிப்படக் கலையை முறையாகப் பயில வேண்டும் என்னும் வேட்கை அவரை உந்தியது. டோக்கியோ நகருக்குச் சென்று அக்கலையைக் கற்றார். பின்னர் அமெரிக்காவிலுள்ள நியூயார்க் நகரை அடைந்து, ஆங்கும் பயிற்சி பெற்றார். சென்ற இடமெல்லாம் கண்ணாற் கண்டவற்றைக் கருத்தில் இருத்தி, எளிய இனிய தமிழில் பயண நூல்களாக எழுதினார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவற்றுள் ஒன்றின் பெயர். பிற்காலத்தில் மக்கள் அப்பெயரையே அவருக்குரிய பட்டமாகவும் வழங்கலாயினர்.

கடலில் எழுந்த எண்ணம்

1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள். செட்டியார் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகருக்குச் 'சமாரியா' என்னும் கப்பலிற் சென்றுகொண்டிருந்தார். அன்று காந்தியடிகளின் பிறந்தநாள். நாற்புறமும் நீர்ப்பரப்பன்றி வேறொன்றும் காணாத அந்நடுக்கடலில், தாயகத்தின் நினைவும் அடிகளின் நினைவும் அவருள்ளத்தை நிறைத்தன. அடிகளின் வாழ்க்கையை ஓர் ஆவணப்படமாக்க வேண்டும் என்னும் எண்ணம் அப்போது தோன்றியது. அவருக்கு அன்று வயது இருபத்தாறுகூட நிரம்பவில்லை.

எண்ணுதல் எளிது; எண்ணியதை முடித்தல் அரிது. அவரிடம் பெருமுதல் இல்லை. அரசின் துணையும் இல்லை. அடிகளோ நாட்டை ஆண்ட ஆங்கிலேயரை எதிர்த்து அறப்போர் நடத்திய தலைவர்; ஆதலின் அத்தகைய முயற்சிக்கு ஆட்சியாளரின் ஆதரவை எதிர்பார்த்தலும் இயலாது. பொதுமக்களுக்காக ஆவணப்படங்களை எடுத்துவந்த இந்திய அரசின் திரைப்படப் பிரிவு விடுதலைக்குப் பின்னர், 1948இல்தான் தோன்றியது. நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கியது. இந்நாளில் பெரிய பொது நிறுவனங்கள் பலர் துணையோடு செய்யும் பணியை, அந்நாளில் தனியொருவராகத் தோள்மேற்கொண்டார் அவ்விளைஞர். நண்பர் சிலரின் துணையுடன் சென்னையில் 'டாக்குமெண்டரி பிலிம்ஸ் லிமிடெட்' என்னும் நிறுவனத்தை நிறுவிப் பணியைத் தொடங்கினார்.

தேடலின் அருமை

கதைப்படம் எடுப்பவர் தமக்கு வேண்டிய காட்சியைத் தாமே அமைத்துக்கொள்வார். அரண்மனை வேண்டுமாயின் அட்டையாலும் மரத்தாலும் அதனை எழுப்புவார். ஆவணப்படம் எடுப்பவர்க்கு அவ்வுரிமை இல்லை. முன்பே நிகழ்ந்து முடிந்த ஒன்றை அவர் மீண்டும் நிகழ்த்தல் ஆகாது. அந்நிகழ்ச்சியின்போது எவரேனும் படம் பிடித்திருந்தால், அதனைத் தேடிப் பெறுதலே அவர் செய்யத்தக்கது.

அடிகள் தோன்றிய 1869ஆம் ஆண்டில் திரைப்படம் என்பதே உலகில் இல்லை. பாரிசு நகரில் லூமியர் உடன்பிறந்தார் பொதுமக்களுக்குத் திரைப்படம் காட்டிய 1895ஆம் ஆண்டில், அடிகள் தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக வாழ்ந்துகொண்டிருந்தார். எனவே அவருடைய இளமைக் காட்சிகளைத் திரையிற் காட்ட வழியில்லை. பிற்காலக் காட்சிகளோ ஓரிடத்தில் இல்லை. 1912இல் கோகலே அவர்கள் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றபோது எடுத்தது ஒரு நாட்டில். 1930இல் தண்டிக்கு நடந்தபோது எடுத்தது வேறொரு நாட்டில். 1931இல் வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் சென்றபோது எடுத்தது மற்றுமொரு நாட்டில். இவ்வாறு உலகின் பல மூலைகளிலும் அவை சிதறிக் கிடந்தன. செய்திப்படம் எடுத்த நிறுவனங்கள் அவற்றை ஓரிரு வாரங்கள் திரையிற் காட்டிவிட்டுக் கிடங்கிலே போட்டுவைத்திருந்தன. சில சுருள்கள் தனியாரிடம் இருந்தன.

செட்டியார் அவை இருந்த இடங்களை நாடிச் சென்றார். ஐரோப்பாவுக்குச் சென்றார். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்று அடிகளின் அடிச்சுவட்டைத் தேடினார். அடிகளோடு பழகிய பெரியோர்களைக் கண்டு செய்தி கேட்டறிந்தார். கிடங்குகளில் தூசு படிந்து கிடந்த சுருள்களைப் பெற்றார். ஒரு காட்சி எந்த ஆண்டினது, எந்த ஊரினது, அதில் அடிகளின் அருகே நிற்பவர் யாவர் என்பவற்றையெல்லாம் ஆராய்ந்து தெளிதல் இத்தகைய பணிக்கு இன்றியமையாதது. ஆண்டு பிழைத்தால் வரலாறே பிழைக்கும் அன்றோ? புலவர் ஓர் ஏட்டுச்சுவடியின் பாடங்களை ஒப்புநோக்கிப் பதிப்பது எத்துணைப் பொறுப்புடைய செயலோ, அத்துணைப் பொறுப்புடையது அவர் மேற்கொண்ட செயலும்.

சிதறிய காட்சிகளைத் திரட்டியதோடு, புதிய காட்சிகளை எடுக்கவும் அவர் முனைந்தார். பாரிசில் பயின்று திரும்பிய டாக்டர் பி. வி. பதி என்னும் ஒளிப்பதிவுக் கலைஞர் அவருக்குத் துணைநின்றார். அடிகளோ திரைப்படத்தில் நாட்டமில்லாதவர். படக்கருவியின் முன் நின்று காட்சி தருவதை விரும்பாதவர். அத்தகையவரை அவர்தம் பணிக்கு இடையூறு நேராவண்ணம் படம் பிடிப்பது எளிதன்று. பொறுமையும் பணிவும் உடையாரே அதனைச் செய்தல் கூடும்.

சுருளின் இயல்பு

இவ்வாறு அவர் திரட்டிய படச்சுருளின் நீளம் 50,000 அடி ஆகும். முப்பது ஆண்டுக் காலத்தில் ஏறத்தாழ நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகள் அதில் இருந்தன. இதன் அளவை உணரச் சிறு கணக்கொன்று துணைசெய்யும். திரையரங்குகளில் வழங்கும் 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 படங்கள் அடங்கும். பேசும்படம் ஓடும்போது ஒரு நொடிக்கு 24 படங்கள் ஒளியின்முன் கடந்து செல்லும். ஒரு நிமிடத்துக்கு 90 அடி செலவாகும். எனவே 50,000 அடிச் சுருளை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கே ஒன்பது மணி நேரத்துக்கு மேலாகும். அதனைப் பன்முறை பார்த்து, வேண்டியன கொண்டு, வேண்டாதன தள்ளி, 12,000 அடியாகச் சுருக்கினார் செட்டியார். நெல்லினின்று பதரைத் தூற்றுவது போன்ற வேலை அது. நான்கில் ஒரு பங்கே எஞ்சியது.

வேறொரு இடரும் உண்டு. பேசாப்படக் காலத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 16 படங்களே எடுப்பது பெருவழக்கு. அச்சுருளைப் பேசும்படத்தின் விரைவில் ஓட்டினால், அதிலுள்ள மனிதர் ஓடுவார் போலத் தோன்றுவர். பல காலத்தில், பல நாட்டில், பலர் கையாண்ட பல கருவிகளால் எடுத்த காட்சிகளை ஒரே மாலையாகத் தொடுப்பதில் இத்தகைய இன்னல்கள் மிகப்பல.

இவற்றினும் பெரியது காப்பின் இன்னல். அந்நாட் படச்சுருள்கள் நைட்ரேட்டு என்னும் பொருளாற் செய்யப்பட்டவை. சிறு பொறி பட்டாலும் அவை பற்றியெரியும். எரியத் தொடங்கினால் நீராலும் அணைத்தல் அரிது. வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுநாள் இருந்தால் அவை பிசுபிசுத்து, இறுதியில் பொடியாகிவிடும். அத்தகைய பொருளைக் கடல்கடந்து கொணர்ந்து, வெப்பம் மிக்க நம் நாட்டில் காப்பதற்கு எத்துணை விழிப்பு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

படம் வெளிவருதல்

1939ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. அடுத்த ஆண்டில் இந்திய அரசு போருக்கு ஆதரவு திரட்டும் பொருட்டுத் திரைப்படங்கள் எடுப்பிக்க ஒரு குழுவை அமைத்தது. வன்முறையைப் புகழும் ஒலியே எங்கும் ஓங்கியிருந்த அக்காலத்தில், அறத்தையும் அமைதியையும் படைக்கலமாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கையைக் காட்டும் படம் தமிழ் விளக்கவுரையோடு நிறைவெய்தியது. 1940ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் அது சென்னையில் வெளியாயிற்று. தெலுங்கு விளக்கவுரையுடனும் அது பின்னர்க் காட்டப்பெற்றது. தம் தலைவரை நாளிதழ்ப் படங்களில் மட்டுமே கண்டிருந்த எளிய மக்கள், அவர் நடப்பதையும் நூற்பதையும் மக்களிடையே கலந்து நிற்பதையும் திரையிலே கண்டனர்.

ஆனால் அம்மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. 1942ஆம் ஆண்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம் எழுந்தது. காந்தியடிகளும் பிற தலைவர்களும் சிறைப்பட்டனர். அடிகளின் புகழைக் கூறும் படத்தைத் தடையின்றிக் காட்டக்கூடிய காலமாக அது இல்லை. செட்டியார் சோர்வடைந்தாரல்லர், காலம் கனியும்வரை காத்திருந்தார். 1947ஆம் ஆண்டில் நாடு விடுதலை பெற்றபோது, இந்தி விளக்கவுரையோடு அப்படம் தில்லியில் திரையேறியது. பின்னர் அவர் அமெரிக்காவுக்குச் சென்று ஆங்கில வடிவம் ஒன்றை உருவாக்கச் செய்தார். 1953ஆம் ஆண்டில் அஃது அங்கு வெளிவந்தது. கடலில் எழுந்த எண்ணம் மீண்டும் கடல்கடந்து மேனாட்டு மக்களை அடைவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாயின.

குமரி மலர்

படம் முடிந்த பின்னரும் தேடுதலும் தொகுத்தலுமே செட்டியாரின் தொழிலாக இருந்தன. 1943ஆம் ஆண்டில் 'குமரி மலர்' என்னும் திங்களிதழைத் தொடங்கி, தம் இறுதிக்காலம்வரை நாற்பதாண்டுகள் நடத்தினார். பழைய இதழ்களிலும் நூல்களிலும் புதைந்துகிடந்த கட்டுரைகளைத் தேடியெடுத்து அதில் மீண்டும் வெளியிட்டார். நூறாண்டுகளுக்கு முன் நம் நாட்டார் எவ்வாறு பயணஞ்செய்தனர், எவற்றைக் கண்டனர் என்பதைக் காட்டும் பயணக் கட்டுரைகளைத் திரட்டி 'தமிழ்நாடு' என்னும் தொகுப்பாக 1968ஆம் ஆண்டில் வெளியிட்டார். குடகு நாட்டைப் பற்றியும் தனிநூல் இயற்றினார். படச்சுருளைத் தேடிய கண்ணே பழந்தாளையும் தேடியது எனலாம்.

அவரிடம் விளங்கிய பண்புகளுள் தலையாயது தன்னடக்கம் ஆகும். உலகத்தாரையெல்லாம் படம் பிடித்த அவர், தம் படத்தை வெளியிடுவதில் விருப்பங் காட்டினாரல்லர். பயண நூல்களிலும் தம்மைப் பற்றிய பெருமைப் பேச்சை அவர் எழுதவில்லை. சிறுசிறு வாக்கியங்களில், கண்டதைக் கண்டவாறே கூறுவதே அவர் வழக்கம். காந்திப் படம் எடுத்த வரலாற்றைக்கூட உடனே எழுதாமல், பல ஆண்டுகள் கழித்தே குமரி மலரில் தொடராக வெளியிட்டார். 1983ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவர் இயற்கை எய்தினார். அவரோடு குமரி மலரும் நின்றது.

இழப்பும் மீட்பும்

இனிக் கூறப்போவது நாம் வருந்துதற்குரியது. அத்துணைப் பாடுபட்டு உருவாக்கிய அப்படத்தின் தமிழ் வடிவம் காலப்போக்கில் மறைந்துபோயிற்று. நம் நாட்டின் திரைப்பட ஆவணக்காப்பகம் புனே நகரில் 1964ஆம் ஆண்டில்தான் நிறுவப்பெற்றது. அதற்கு முந்திய காலத்துப் படங்கள் பல, காப்பாரின்றியும் தீக்கிரையாகியும் அழிந்தொழிந்தன. நூறு பேர் முப்பது ஆண்டுகளில் எடுத்ததை ஒருவர் தேடித் திரட்டினார். திரட்டியதைக் காக்க நாம் தவறினோம்.

ஆயினும் தேடுவோர் மரபு அற்றுப்போகவில்லை. வரலாற்று அறிஞர் ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் குமரி மலரில் வெளிவந்த தொடரைத் தொகுத்து, 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாக 2003ஆம் ஆண்டில் பதிப்பித்தார். அதன்பின் அப்படத்தின் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் இருப்பதையும் அவர் கண்டறிந்தார். காந்தியடிகளின் சுவட்டைச் செட்டியார் தேடிச் சென்றார். செட்டியாரின் சுவட்டைப் பின்வந்த ஒருவர் தேடிச் சென்றார். ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கை ஏற்றுவது போன்ற செயல் இது.

முடிவுரை

உண்மை தானே நிலைக்கும் என்று எண்ணி நாம் வாளா இருத்தல் கூடாது. உண்மைக்குச் சான்று வேண்டும். சான்றைத் தேடுவார் வேண்டும். தேடியதைக் காப்பாரும் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பிற்காலத்தார் நேற்றைய நிகழ்ச்சியைக் கதையென்று ஐயுறுவர். ஏ. கே. செட்டியார் பெருஞ்செல்வமும் அதிகாரமும் துணையாக இன்றி, உழைப்பும் பொறுமையும் துணையாகக் கொண்டு முதலிரண்டு கடமைகளையும் நிறைவேற்றினார். மூன்றாவதாகிய காக்கும் கடமை நம்முடையது. நம் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய கடிதத்தையும் ஊர்க்கோயிற் கல்வெட்டையும் பள்ளி நூலகத்துப் பழைய இதழையும் பேணிக் காப்பதே அவருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் ஆகும்.